ஒரிஜினல் பில்ஸ்னர் பாதாம் பால்

"அத்தா, பதறாதீங்க. நீங்க கையில வெச்சிருக்கிறது பீர் கப்பு."

சின்ன மகள் பாயிஸா இதைச் சொன்னபோது பக்கீர் முகமதுவின் வாயில் ஒரு மடக்கு பாதாம் பால் இருந்தது. துப்புவதா விழுங்குவதா என்று ஒரு கணம் யோசித்தார். காசு கொடுத்து வாங்கிய பால். விழுங்கிவிட்டுத்தான் கேட்டார்.

"இன்னா கப்பு?"

"பீர் கப்பு. கோட்டை வாசல் மாதிரி படம் போட்டு, கீழ தங்க எழுத்துல பில்ஸ்னர்னு இருக்குதே, அது பீரோட பேரு. செக் நாட்டு பீர். இப்பதான் போட்டோ எடுத்து போன்ல தேடுனேன். சரித்திரமே கொட்டுது."

"கம்பெனி பேருன்னு இல்ல நெனச்சேன்?"

"கம்பெனிதான் அத்தா. ஆனா கண்ணாடி கம்பெனி இல்ல."

பக்கீர் முகமது கப்பைப் பலகைமேல் வைத்தார், தேளை வைப்பதுபோல. தலைக்கு மேலே பால் கடைக்காரர் தீனதயாளன் அன்று காலையில்தான் மாட்டியிருந்த புது போர்டு மின்னியது: 'பில்ஸ்னர் பாதாம் பால் – சூடாகவும் கிடைக்கும்.'

"இது எதுக்கு தீனா?" என்று கைகாட்டினார், குரல் உள்ளே போக.

"வர்றவங்க எல்லாம் அந்த எழுத்து போட்ட கப்புல குடு, அந்த எழுத்து போட்ட கப்புல குடுன்னு கேக்குறாங்க பாய். சரி, எழுத்தையே போர்டாப் போட்டுட்டேன். நீங்க வித்த கப்பு, உங்க கை ராசி, யாவாரம் டபுளாயிடுச்சு!"

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் பக்கீர் பாத்திர மாளிகை என்றால் கேட்காமலே வழி சொல்வார்கள். அங்கே பேரம் பேசி ஜெயித்தவர்கள் இல்லை. ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. அப்பேர்ப்பட்ட பக்கீர் முகமது, புதுச்சேரியில் மூடிய ஒரு கடற்கரை ஓட்டலின் சாமான்களை மொத்தமாகக் கேட்கப் போன இடத்தில் இந்தக் கப்புகளைப் பார்த்தார். கனமான கண்ணாடி, பிடிக்க வாகாகக் காது, தங்க எழுத்து. அவர் கேட்ட விலைக்கு ஓட்டல்காரன் மறுபேச்சே பேசாமல் தலையாட்டினான். அப்போதே அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். தன் சாமர்த்தியம் என்று எண்ணிவிட்டார்.

கடைக்குத் திரும்பி நடக்கும்போது பாயிஸா போனைப் பார்த்துப் படித்துக்கொண்டே வந்தாள். கல்லூரி லீவு நாட்களில் கடையில் பில் போடுவது அவள்தான். கணக்கில் அப்பாவைப்போல் கறார், வாயில் அம்மாவைப்போல்.

"பில்சன்னு ஒரு ஊரு அத்தா. நூத்தி எண்பது வருஷத்துக்கு முன்னாடி அங்க பீரு ரொம்ப மட்டமா இருந்துச்சாம். ஜனங்க கோவத்துல பீப்பா பீப்பாயா தூக்கியாந்து முனிசிபல் ஆபீஸ் வாசல்ல கொட்டிட்டாங்களாம்."

"கொட்டுனாங்களா? சரக்கையா?" பக்கீர் முகமதுவுக்கு நெஞ்சைப் பிசைந்தது. ஹராமான சரக்குதான். இருந்தாலும் சரக்கு.

"அப்புறம் ஊர்க்காரங்களே பங்கு போட்டு ஆலை கட்டி, பக்கத்து நாட்டுலருந்து ஒரு முரட்டு ஆளைக் கூட்டியாந்து காய்ச்ச வெச்சாங்க. அவன் காய்ச்சுனது தங்கக் கலர்ல பளிச்சுன்னு வந்துச்சு. அதுவரைக்கும் பீருன்னா கறுப்பா, கலங்கலாத்தான் இருக்குமாம். மண் ஜாடியில ஊத்திக் குடிச்சா உள்ள இன்னா கெடக்குதுன்னே தெரியாது. அந்த நேரம் பார்த்து கண்ணாடி கப்பும் வெலை கம்மியாச்சு. கண்ணாடியில ஊத்திக் குடுத்தான். பக்கத்து மேசைக்காரன் பார்த்தான். எனக்கும் அதே குடுன்னான்."

"ஆங்!" பக்கீர் முகமது நடுத்தெருவில் நின்றுவிட்டார். "சரக்கை மறைக்காம காட்டுனான் பாரு, அங்க ஜெயிச்சான். அப்புறம்?"

"அப்புறம் ரயில் வந்துச்சு. ரயிலேறி ஊரு ஊரா, நாடு நாடாப் போச்சு. எல்லா ஊர்க்காரனும் அதே மாதிரி காய்ச்சி, அதே பேரையும் வெச்சுக்கினான். ஊர் பேரு சரக்கு பேராயிடுச்சு. கடைசியில பில்சன்காரன் தன்னோட பீருக்கே, 'இதாம்பா ஒரிஜினல்'னு லேபிள் ஒட்ட வேண்டியதாப் போச்சு."

"பேரைக் காப்பாத்தத் தெரியாம விட்டுட்டானே, பாவி மனுஷன்!"

"அத்தா, நீங்க பீர்க்காரனுக்காக வருத்தப்படுறீங்க."

பக்கீர் முகமது சுதாரித்துக்கொண்டார். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை கண்முன் வந்து நின்றது.

அன்றைக்குத்தான் உளுந்தூர்பேட்டையிலிருந்து சுபைர் பாய் குடும்பத்தோடு வருகிறார். மூத்த மகள் நௌஷீனைப் பெண் பார்த்து, பிடித்துப்போய், பேச்சு முக்கால்வாசி முடிந்திருந்தது. தேதி வைக்க வேண்டியதுதான் பாக்கி. பையன் வாஜித் ஐரோப்பாவில் ஏதோ மியூசியத்தில் வேலையாயிருந்தான். லீவில் வந்திருக்கிறான், அடுத்த வருஷம் ஊருக்கே திரும்பி அப்பாவின் ரெடிமேட் துணிக்கடையைப் பார்த்துக்கொள்வான். "ஐரோப்பாவுல எந்த ஊரு?" என்று கேட்டால் சுபைர் பாய், "ஐரோப்பாதான்" என்பார், அது என்னமோ விழுப்புரத்துக்கு அடுத்த ஸ்டாப் மாதிரி. "இன்னா மியூசியம்?" என்றால், "பழைய சாமான் மியூசியம்." அதோடு சரி.

பையனும் பெண்ணும் போனில் பேசிச் சிரிப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், தெரியாததுபோல் இருந்தார்கள். முட்டுக்கட்டை சுபைர் பாய்தான். நௌஷீன் கள்ளக்குறிச்சி கோர்ட்டில் ஜூனியர் வக்கீல். கல்யாணத்துக்குப் பிறகு கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட வேண்டும் என்பது அவர் கண்டிஷன். நிக்காஹ் உளுந்தூர்பேட்டையில்தான் என்பது இன்னொன்று. "கோட்டைக் கழட்டச் சொன்னா நான் மாப்ளையையே கழட்டி விட்டுருவேன்" என்று சொல்லிவிட்டு, அன்று சாப்பிடாமல் படுத்தாள் நௌஷீன். அதிலிருந்தே அவளுக்குப் பையனை எவ்வளவு பிடிக்கும் என்று பெற்றவர்களுக்குப் புரிந்துபோனது.

இதற்கு நடுவில், சுபைர் பாய் சுத்தபத்தத்துக்குப் பேர்போனவர். முன்பு ஒரு வீட்டில் சம்பந்தம் பேசப் போனவர், அவர்கள் சமையலறையிலிருந்த வினிகர் பாட்டிலைத் திரும்பத் திரும்ப மோந்து பார்த்துவிட்டு, சாராயமோ என்ற சந்தேகம் தீராமலே எழுந்து வந்துவிட்டாராம்.

வீட்டில் ஷோகேஸ் நிறைய அதே கப்பு. விஷயத்தைக் கேட்ட ஆசியா பீவி கணவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏங்க, புதுச்சேரியில, கடற்கரை ஓரமா, ராத்திரி பகலா தொறந்து வெச்சிருந்த ஓட்டலு. அவன் பாதாம் பாலா வித்திருப்பான்?"

பதில் சொல்ல முடியாத கேள்விகளைக் கேட்பதற்கென்றே ஆண்டவன் மனைவிமார்களைப் படைத்தான் என்பது பக்கீர் முகமதுவின் நெடுநாள் அபிப்பிராயம். வீட்டுக் கப்புகளை மூட்டை கட்டிக் கடைக் கிடங்கில் போட்டார். ஊரில் விற்றதுதான் பிரச்சினை. பெரும்பங்கு மூன்று இடத்தில் இருந்தது: தீனதயாளன் பால் கடை, பேரனுக்குக் காதுகுத்து வைத்து வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கப்பு கொடுத்த களமருதூர் அமிர்தம், கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில், சுற்றுலா வருகிறவர்களுக்குச் சாமைப் பாயசம் விற்கும் சின்னதுரை.

மறுநாள் காலை உப்புத்தாளோடு பால் கடைக்குப் போனார்.

"தீனா, தங்கச் சாயம் உடம்புக்கு ஆகாதாம். சுரண்டிக் குடுத்துடுறேன். நம்ம கஸ்டமர் நமக்கு முக்கியம்."

"உங்க மனசு யாருக்கு வரும் பாய்!"

பெஞ்சில் உட்கார்ந்து வியர்க்க வியர்க்கத் தேய்த்தார். தங்கம் போனது. போன பிறகுதான் தெரிந்தது, எழுத்தைக் கண்ணாடியிலேயே செதுக்கி, மேலே தங்கம் பூசியிருக்கிறான் என்று. இதுவரை மஞ்சள் பாலில் தங்க எழுத்து பாதி மறைந்துகிடந்தது. இப்போது மஞ்சள் பாலுக்கு முன்னால் வெள்ளை வெளேரென்று எழுந்து நின்றது.

தீனதயாளன் ஒரு கப்பில் பாலை ஊற்றி, தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"பாய்! பஸ்ஸுல போறவனுக்கே தெரியும் பாய்!"

அன்றிரவு பக்கீர் முகமது தன் அனுபவத்தையெல்லாம் திரட்டி யோசித்தார். ஜனங்களிடமிருந்து ஒரு பாத்திரத்தைத் திரும்ப வாங்க, பாத்திரக்காரனுக்குத் தெரிந்த ஒரே வழி எக்ஸ்சேஞ்ச். ஓட்டைக் குடம், நசுங்கின அண்டா என்று எத்தனை வாங்கியிருக்கிறார்! காலையில் ஆட்டோவில் மைக் கட்டினார்.

"பில்ஸ்னர் என்று எழுதிய கண்ணாடிக் கப்பு ஒன்று கொண்டுவந்தால், எவர்சில்வர் டம்ளர் இரண்டு இலவசம்! பில்ஸ்னர்! பில்ஸ்னர்!"

"அத்தா, அந்தப் பேரைச் சொல்லாம அறிவிக்கக் கூடாதா?" என்றாள் பாயிஸா.

"பேரைச் சொல்லலன்னா எந்தக் கப்புன்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது சரி. ஆனா இப்ப கப்பு வாங்காதவங்களுக்கும் தெரிஞ்சுபோச்சே."

ஆட்டோ பஸ் ஸ்டாண்டு, கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ் பக்கமெல்லாம் சுற்றிவிட்டு, களமருதூர் வரைக்கும் போய் வந்தது. ஒரு கப்பும் வரவில்லை. சாயங்காலம் கறிகாய்க் கடையில் ஆசியா பீவி காதில் விழுந்தது இதுதான்:

"ஒண்ணு வாங்கிக்கினு ரெண்டு குடுக்குறாராமே?"

"யாரு?"

"பக்கீர் பாய்."

"பக்கீர் பாயா! அப்போ அந்தக் கப்புல இன்னாவோ இருக்குது."

என்ன இருக்கிறது என்பதில்தான் ஊர் பல கட்சியானது. எழுத்து அசல் தங்கம் என்றது ஒரு கட்சி. அதைச் சுரண்டத்தான் பாய் உப்புத்தாளோடு அலைந்தாராம், பார்த்தவர்களே இருந்தார்கள். அந்தக் கண்ணாடியில் பால் குடித்தால் சர்க்கரை ஏறாது என்றது இன்னொரு கட்சி. களமருதூரில் அமிர்தம் கொடுத்த கப்புகளை வாங்கிக்கொண்டு போனவர்கள், துணி சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள்.

எதிர்க் கடைக்காரர் சிவசங்கர் சும்மா இருப்பாரா? பக்கீர் முகமது தும்மினால் இவர் இருமுவார். மறுநாளே துணி பேனர் கட்டிவிட்டார்: 'பில்ஸ்னர் கப்புக்கு டம்ளர் மூன்று.' அவருக்கும் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் சென்னைக்கு ஆள் அனுப்பி, அதே வடிவத்தில் மெலிசான கப்பு வாங்கி, அதே பேரை அச்சடித்துக் குவித்துவிட்டார். அச்சடித்தவன் கோட்டை வாசலைக் கோயில் கோபுரமாகவே போட்டுவிட்டான். மலிவு விலை. ஜனங்கள் முண்டியடித்தார்கள்.

அப்புறம் கேட்கவேண்டுமா? உளுந்தூர்பேட்டை சாலையில் வரிசையாகக் கிளம்பின: பில்ஸ்னர் லஸ்ஸி, பில்ஸ்னர் ரோஸ் மில்க், திருநாவலூர் போகும் திருப்பத்தில் ஒரு தள்ளுவண்டியில் பில்ஸ்னர் கம்மங்கூழ். தீனதயாளனுக்கு வந்ததே கோபம். போர்டைக் கழற்றிவிட்டு வேறு எழுதி மாட்டினார், எழுத்தைச் சுற்றி சீரியல் பல்பு போட்டு:

'ஒரிஜினல் பில்ஸ்னர் பாதாம் பால். எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் கிடையாது.'

அதைப் பார்த்த பாயிஸாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அத்தா, அந்த ஊரு நூறு வருஷத்துல பட்ட பாட்டை நம்ம ஊரு ஒரு வாரத்துல பட்டுடுச்சு. ரயிலுக்குப் பதிலா ஆட்டோ, அவ்ளோதான்."

"சிரிக்காத. உங்க அக்கா கல்யாணம்."

சிரிப்பு நின்றது. உள்ளே நௌஷீன், யாரும் கேட்காத ஒரு கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நாள் நெருங்க நெருங்க அவள் போனில் சிரிப்பது குறைந்துகொண்டே வந்தது.

கடைசியாக பக்கீர் முகமது, யாவாரத்தில் இதுவரை கையே வைக்காத ஓர் ஆயுதத்தை எடுத்தார். உண்மையைச் சொல்லிவிடுவது.

வெள்ளிமலைக்கு பஸ் ஏறினார். கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, மேலே போய் இறங்கி, சின்னதுரையின் கீற்றுக் கொட்டகையில் உட்கார்ந்தார். பெஞ்சு நிறைய ஆட்கள். எல்லார் கையிலும் கப்பு. சாமைப் பாயசத்தில் அந்தப் பேர் ஜம்மென்று தெரிந்தது.

"சின்னதுரை, மனசு விட்டுச் சொல்றேன். இது பீர் குடிக்கிற கப்பு. வெள்ளைக்காரன் பீர் கம்பெனி பேரு இது. தெரியாம வித்துட்டேன். எல்லாத்தையும் குடுத்துடு. வேற கப்பு, நீ கேக்குறது, நானே தூக்கியாந்து தரேன்."

சின்னதுரை பாயசக் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு கைதட்டிச் சிரித்தார்.

"பாய், மாடு புடிக்க வர்றவன் இன்னா சொல்லுவான்? பல்லு சரியில்ல, சுழி சரியில்ல, பாலு கறக்காதும்பான். வாங்குறவன் சரக்கை ஏசலேன்னாதான் எனக்குச் சந்தேகம் வரும். ஆனா ஒண்ணு, நான் எத்தினியோ யாவாரியப் பார்த்துட்டேன், வெலை கம்மி பண்றதுக்காவ பீரு கப்புன்ற வரைக்கும் எவனும் போனதில்ல. நீங்க பெரிய ஆளு பாய்!"

"அல்லா மேல ஆணையா—"

"ஐயோ, ஆணை வேறயா! டேய், அந்தக் கப்புங்கள எல்லாம் உள்ள எடுத்து வையிங்கடா. பாய் ஆணை போடுறாரு. இது லேசுப்பட்ட சாமான் இல்ல."

பெஞ்சில் இருந்த சுற்றுலாக்காரர் ஒருவர் இதையெல்லாம் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். பக்கீர் முகமது மலை இறங்கி வருவதற்குள் வீடியோ இறங்கிவிட்டது. 'இந்தக் கப்புக்காக மலையேறி வந்து கெஞ்சும் கள்ளக்குறிச்சி யாவாரி' என்று தலைப்பு. வாழ்நாள் முழுக்க அவர் சொன்ன பொய்களை நம்பிய ஊர், அவர் சொன்ன ஒரே உண்மையை நம்ப மறுத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தே விட்டது.

ஆசியா பீவி பிரியாணி தம் போட்டாள். பக்கீர் முகமது வீடு பூராவும் தேடி, கண்ணாடியில் எழுத்து போட்ட சாமான் ஒன்றுகூட இல்லை என்று உறுதி செய்துகொண்டார்; மருந்து பாட்டில் லேபிளைக்கூடக் கிழித்துவிட்டார். வீட்டுக்குள்ளே சுத்தம். வெளியே, உளுந்தூர்பேட்டையிலிருந்து வருகிற ஒரே சாலையில், வழி நெடுக அந்தப் பேர்.

கார் வந்து நின்றது. முதலில் டிரைவர் பகலவன் இறங்கிக் கதவைத் திறந்தான். சுபைர் பாய் இறங்கினார். பக்கீர் முகமது படியிறங்கிப் போய்ப் பார்த்தார். மனுஷர் முகத்தில் ரத்தமே இல்லை. நெற்றி வியர்த்திருந்தது. பின்னாலேயே வாஜித், தரையைப் பார்த்துக்கொண்டு. பார்த்திருக்கிறார்கள். எல்லா போர்டையும் பார்த்திருக்கிறார்கள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் சம்பந்தி. பயணம் சௌகரியமா?"

"வ அலைக்கும் ஸலாம். சௌகரியம்... சௌகரியம்தான்." சுபைர் பாய் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "வழியில... கடைங்க எல்லாம் ஜாஸ்தியாயிடுச்சு போல."

"அது... ஆமா. புதுசு புதுசா வருது."

"ஒரே பேர்ல வருது."

"பாதாம் பாலு சம்பந்தி! பாதாம் பாலு பேரு அது!"

"ஆமாமா! பாதாம் பாலுதான்! அதுல இன்னா சந்தேகம்!" என்றார் சுபைர் பாய், அவரைவிட வேகமாக.

பக்கீர் முகமதுவுக்கு மூச்சு வந்தது. நம்பிவிட்டார்! வினிகரை மோந்து பார்த்த மனுஷன் இதை நம்பிவிட்டார்! கதவருகே நின்றிருந்த ஆசியா பீவி துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் வாசலில் குரல் கேட்டது.

"பாய் வூட்ல இருக்காரா?"

களமருதூர் அமிர்தம். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கையில் ஜரிகைத் தாள் சுற்றிய பொட்டலம்.

"நம்ம நௌஷீன் பாப்பாவுக்குத் தேதி வெக்கிறாங்கன்னு சொன்னாங்க. பாய் இதுக்காவ மலையெல்லாம் ஏறி அலையுறாரேன்னு மனசு கேக்கல. ஒலகத்துக்கே குடுக்கமாட்டேன், பாப்பாவுக்குக் குடுக்கமாட்டனா?" சொல்லிக்கொண்டே பொட்டலத்தைப் பிரித்து, கூடத்து மேசைமேல் நடுநாயகமாக வைத்தாள்.

கோட்டை வாசல், தங்க எழுத்து, எல்லாம் அப்படியே. ஜன்னல் வெயில் பட்டு ஜொலித்தது.

பக்கீர் முகமது கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் முடிந்தது. பாயிஸா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வாஜித் எழுந்தான். ஏதோ பழக்கம்போலக் கப்பைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்து, எல்லோர் முகத்தையும் ஒரு சுற்று பார்த்து, தொண்டையைச் செருமி வாயைத் திறந்தான். சுபைர் பாய் அவன் ஜிப்பாவைப் பிடித்து ஒரே இழுப்பில் உட்காரவைத்தார்.

"அழகான பாதாம் பால் கப்பு!" என்றார் உரக்க. "சம்பந்தி, நான் சுத்தி வளைச்சுப் பேசல. நிக்காஹ் கள்ளக்குறிச்சியிலயே வெச்சுக்கலாம். உங்க ஊரு, உங்க மண்டபம், உங்க இஷ்டம்."

பக்கீர் முகமது கண்ணைத் திறந்தார்.

"அப்புறம் நௌஷீன் பொண்ணு கோர்ட்டுக்குப் போறது. படிச்ச படிப்பு வீணாகலாமா? போகட்டும். கோட்டு பழசாயிருந்தா சொல்லுங்க, நம்ம கடையிலருந்தே புதுசு தைச்சு அனுப்புறேன்."

"சம்பந்தி..."

"இன்னும் வேற இன்னா வேணும், சொல்லுங்க? எதுன்னாலும் சரி."

யாவாரத்தில் எதிராளி இப்படி இறங்கி வந்தால், ஏன் என்று கேட்கக் கூடாது. கையை நீட்டி முடித்துவிட வேண்டும். பக்கீர் முகமது கையை நீட்டி முடித்துவிட்டார்.

அன்றைக்கு அந்தக் கூடத்தில் பாய்ந்த நிம்மதியை அளக்க அவர் கடையில் படி இல்லை. பிரியாணியை இருவரும் போட்டி போட்டுக்கொண்டு ஒருவர் தட்டில் ஒருவர் அள்ளி வைத்தார்கள். ஆசியா பீவி அமிர்தத்தை விடவில்லை, அவளுக்குச் சைவச் சாப்பாடு தனியாகச் செய்து போட்டே அனுப்பினாள். நௌஷீன் வாஜித்தைப் பார்த்தாள், வாஜித் கப்பைப் பார்த்தான், இருவருக்கும் சிரிப்பு வந்து இருமலாக்கிக்கொண்டார்கள். பக்கீர் முகமது அதைக் கவனித்தார். சிறுசுகள், ஏதாவது இருக்கும் என்று விட்டுவிட்டார்.

கிளம்பும்போது சுபைர் பாய் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, ஒரே ஒரு வேண்டுகோள். அந்த போர்டுங்க... இனிமே எடுத்துடலாம் இல்ல?"

"எடுத்துடுவாங்க சம்பந்தி. நானே பேசி எடுக்க வெச்சுடுறேன்."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் சுபைர் பாய். கண்கூடக் கலங்கியது. போய்க் காரில் ஏறிக்கொண்டார்.

பக்கீர் முகமது வாசலில் நின்றார். காற்று குளிர்ச்சியாக வீசியது. ஒன்றும் புரியவில்லை, புரியவேண்டிய அவசியமும் இல்லை. இந்த மனுஷனைப்போய் வினிகரை மோந்தவர் என்று ஊர் கதை கட்டிவிட்டதே, எவ்வளவு வெள்ளந்தி! ஒரு பீர் பேரைக்கூடத் தெரியாத ஆத்மா!

செருப்பை எடுக்க வந்ததுபோல் டிரைவர் பகலவன் அவர் பக்கத்தில் குனிந்தான். காருக்குக் கேட்காத குரலில் சொன்னான்.

"பாய், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க சின்ன மொதலாளி வேலை பாக்குற மியூசியம் அந்த பில்ஸ்னர் பீர்க்காரனோடதுன்றது உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு ஒரு போன் போட்டிருந்தாலே எங்க மொதலாளி எல்லாத்துக்கும் தலையாட்டியிருப்பாரே, அதுக்குப்போயி உளுந்தூர்பேட்டை ரோடு பூரா இம்மாஞ் செலவு பண்ணி போர்டு வெப்பாங்களா?"